காற்றில் கரியமில வாயு கூடினால் நெல் கூடுதலாக விளையுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"கரியமில வாயு பயிருக்குச் சாப்பாடுதானே, அது கூடினால் நல்லதுதானே?" விவசாயிகள் கூட்டம் எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் எழுந்து இதைக் கேட்டுவிடுகிறார். நல்ல கேள்வி. அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லக் கொஞ்சம் நேரம் வேண்டும், இலைக்குள்ளும் கதிருக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டும். கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் நெல்லை வைத்தே பேசுகிறேன். நம் தட்டில் இருப்பதும் அதுதான், உலகில் நன்றாக ஆராயப்பட்ட பயிர்களில் ஒன்றும் அதுதான்.

பயிர் மண்ணிலிருந்துதானே சத்து எடுக்கிறது? காற்றுக்கு இதில் என்ன வேலை?

ஒரு மூட்டை நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தைக் கழித்துவிட்டால் மீதி எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கார்பன். அந்தக் கார்பன் ஏறக்குறைய முழுவதும் காற்றிலிருந்து இலை வழியாக உள்ளே போனது. மண் கொடுப்பது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் போன்றவை. அவை இல்லாமல் பயிர் இல்லை, ஆனால் எடையில் அவற்றின் பங்கு கொஞ்சம்தான். மூட்டையைத் தூக்கும்போது தோளில் அழுத்துவது பெரும்பாலும் காற்றும் தண்ணீரும் சேர்ந்து மாவாக மாறியதன் பாரம்.

நெல் இலையின் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் நூற்றுக்கணக்கான துளைகள் உண்டு. அந்த இலைத்துளைகள் வழியாகக் கரியமில வாயு உள்ளே போகிறது, நீராவி வெளியே வருகிறது. உள்ளே பச்சையம் வெயிலைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டு வாயு சர்க்கரையாகிறது. சர்க்கரைதான் பிறகு இலை, தூர், வைக்கோல், மணிக்குள் இருக்கும் மாவு எல்லாம்.

வாயு எவ்வளவு கூடியிருக்கிறது?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் கரியமில வாயு சுமார் 280. இந்தக் கணக்கைத்தான் பிபிஎம் என்கிறோம். 1958-இல் சார்லஸ் டேவிட் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது அது சுமார் 315. 2024-இன் சராசரி 424-ஐ ஒட்டி வந்துவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், காடழிப்பு ஆகியவைதான் இதற்கு முக்கியக் காரணங்கள்.

கீலிங்கின் வரைபடத்தில் எனக்கு எப்போதும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கோடு நேராக ஏறுவதில்லை, பல்பல்லாக ஏறுகிறது. வடகோளத்தில் கோடை வந்து காடும் வயலும் தழைக்கும்போது அளவு சில பிபிஎம் இறங்குகிறது, இலை உதிர்ந்ததும் மறுபடி ஏறுகிறது. உலகத்தின் இலைகளெல்லாம் சேர்ந்து இழுக்கும் மூச்சு அந்தப் பற்களில் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் இறங்கியதைவிட ஏறியது அதிகம்.

வாயு கூடினால் இலைக்குள் என்ன மாறுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காற்றிலிருந்து வரும் கார்பனைப் பிடித்து உள்ளே சேர்க்கும் வேலை ரூபிஸ்கோ என்ற நொதியுடையது. நொதி என்றால் செடிக்குள் வேதிவேலையை முடித்துக் கொடுக்கும் புரதம். மெல்வின் கால்வினும் அவரது குழுவினரும் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கண்டறிந்த, சர்க்கரை உண்டாக்கும் வேதிச் சுழற்சியின் வாசலில் நிற்பது இதுதான். அந்த ஆராய்ச்சிக்குக் கால்வினுக்கு 1961-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ரூபிஸ்கோ ரொம்ப மெதுவானது. பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை முடிக்கும்போது, இது நொடிக்கு மூன்று போலத்தான் முடிக்கிறது. அதனால் செடி இதை ஏராளமாகச் செய்து வைத்துக்கொள்கிறது. நெல் இலையில் இருக்கும் நைட்ரஜனில் கால் பங்கு வரை இந்த ஒரே நொதியில் முடங்கிக் கிடக்கிறது. நீங்கள் வீசிய யூரியாவில் ஒரு பெரும் பங்கு எங்கே போகிறது என்று கேட்டால், இங்கேதான்.

இன்னொரு குறையும் இதற்கு உண்டு. கரியமில வாயுவையும் ஆக்சிஜனையும் இதனால் சரியாகப் பிரித்தறிய முடியாது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், கரியமில வாயுவோ பத்தாயிரத்துக்கு நான்கு. அதனால் நான்கைந்து முறைக்கு ஒரு முறை ரூபிஸ்கோ தவறிப்போய் ஆக்சிஜனைப் பிடித்துவிடுகிறது. அப்படிப் பிடித்தால் சர்க்கரை கிடைக்காது. அந்தத் தவறைச் சரிசெய்யவே செடி சக்தியைச் செலவழித்து, ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சத்தை வெளியே விட வேண்டியிருக்கும். இதை ஒளிச்சுவாசம் என்கிறார்கள். வெயில் ஏற ஏற இந்தத் தவறு கூடும். நெல்லும் கோதுமையும் சேர்த்திருக்கக் கூடிய சர்க்கரையில் கால் பங்கும் அதற்கு மேலும் இப்படிப் போகிறது.

சரி, இப்போது காற்றில் கரியமில வாயு கூடுகிறது. ரூபிஸ்கோவைச் சுற்றி அது அதிகமாக இருக்கும், அதனால் வேலை வேகமாக நடக்கும், ஆக்சிஜனைப் பிடிக்கும் தவறும் குறையும். இரண்டு பக்கமும் லாபம். "சாப்பாடுதானே" என்ற கேள்வியில் உள்ள உண்மை இதுதான். நல்ல வெயிலில், 550 பிபிஎம் அளவில், நெல் போன்ற பயிர்களின் இலை ஒளிச்சேர்க்கை சராசரியாக 30 சதவீதம் வரை கூடுவதை வயல் சோதனைகளில் அளந்திருக்கிறார்கள்.

எல்லாப் பயிருக்கும் இந்த லாபம் உண்டா?

இல்லை. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி இவையெல்லாம் வேறு வகை. இலைக்குள் கரியமில வாயுவை முதலில் நான்கு கார்பன் உள்ள அமிலமாகப் பிடித்து, உள் அறை ஒன்றுக்குக் கொண்டுபோய், அங்கே ரூபிஸ்கோவுக்குக் குவித்துக் கொடுக்கின்றன. அதனால் அவற்றைச் சி4 பயிர்கள் என்கிறோம். நெல், கோதுமை, உளுந்து, நிலக்கடலை, பருத்தி, மரவள்ளி, வாழை, தென்னை ஆகியவற்றில் முதலில் உண்டாவது மூன்று கார்பன் உள்ள அமிலம், எனவே அவை சி3. இந்த ரகசியம் பிடிபட்டதே கரும்பு இலையில்தான். ஹவாயில் கரும்பு ஆராய்ச்சியாளர்கள் முதலில் கவனித்ததை, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹால் ஹாட்ச், ரோஜர் ஸ்லாக் என்ற இருவரும் 1966-இல் தெளிவாக விளக்கினார்கள்.

கம்பின் ரூபிஸ்கோவுக்கு ஏற்கெனவே கைநிறையக் கரியமில வாயு கிடைத்துக்கொண்டிருக்கிறது. காற்றில் இன்னும் கூடினாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளத்தை வைத்துப் பார்த்தபோது, தண்ணீர் தட்டாத ஆண்டில் விளைச்சல் கூடவே இல்லை. வறட்சி வந்தால் மட்டும் சி4 பயிருக்கும் கொஞ்சம் உதவி உண்டு. இலைத்துளை குறுகுவதால் மண்ணின் ஈரம் சில நாள் கூடுதலாக நிற்கும்.

இதெல்லாம் சோதனைக்கூடக் கணக்கா, வயலில் பார்த்த கணக்கா?

முதலில் கண்ணாடிக் கூண்டுகளிலும் திறந்த மேல்புறக் கூடுகளிலும்தான் பார்த்தார்கள். அங்கே விளைச்சல் நன்றாகவே கூடியது. ஆனால் கூண்டுக்குள் காற்று வேறு, வெயில் வேறு, தொட்டியில் வேர் பரவும் இடமும் வேறு. அதனால் வயலிலேயே செய்து பார்க்கும் முறை வந்தது. ஜப்பானில் 1998 முதல் ஷிஸுகுயிஷியிலும் 2010 முதல் ட்ஸுகுபமிராயிலும் நெல் வயலில் இப்படிச் செய்தார்கள்.

அந்த ஏற்பாட்டை மனத்தில் பாருங்கள். பாத்திக்குள் எட்டுப் பக்க வளையமாகக் குழாய்கள், பயிரின் தலைமட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. வளையத்தின் விட்டம் ஏறத்தாழ 17 மீட்டர். குழாயில் ஊசித்துளைகள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று கருவி பார்க்கிறது, அந்தப் பக்கத்துக் குழாய் மட்டும் வாயுவை விடுகிறது, காற்று அதைப் பயிர் மேல் தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் ஒரு அளவி நொடிக்கு நொடி அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூரை இல்லை, சுவர் இல்லை. மழையும் பூச்சியும் பனியும் வழக்கம்போல வரும். இப்படி அமெரிக்கா, சீனா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, நம் நாட்டில் புது தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பல இடங்களில் பயிர்களை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள்.

கிடைத்த விடை: 550 பிபிஎம் அளவில் நெல், கோதுமை விளைச்சல் சராசரியாக 12 முதல் 15 சதவீதம் கூடுகிறது. கூண்டுச் சோதனைகள் சொன்னதில் ஏறத்தாழ பாதி. இலை 30 சதவீதம் கூடுதலாகச் சமைத்தும் களத்துமேட்டுக்கு அதில் பாதிதான் வருகிறது.

இலை அதிகம் சமைத்தும் களத்துக்கு ஏன் வரவில்லை?

சமைத்ததை வைக்க இடம் வேண்டும். கதிரில் மணிகளின் எண்ணிக்கை இத்தனைதான் என்று ஆகிவிட்டால், இலை சேர்த்த சர்க்கரை போக வழியில்லாமல் இலையிலேயே தேங்கும். தேங்கிய சர்க்கரை "போதும், குறைத்துக்கொள்" என்று இலைக்குச் சொல்லிவிடுகிறது. உடனே ரூபிஸ்கோ உற்பத்தி குறையும். பருவத்தின் முதல் வாரங்களில் இருந்த வேகம் பால் பிடிக்கும் நேரத்தில் இருக்காது.

இதற்கு மறுபக்கம் மரவள்ளி. இல்லினாயில் திறந்த வயலில் 585 பிபிஎம் அளவில் மரவள்ளியை வளர்த்தபோது கிழங்கின் உலர் எடை ஏறத்தாழ இரட்டிப்பானது. கிழங்கு மண்ணுக்குள் பெருத்துக்கொண்டே போகலாம், மாவுக்கு இடம் எப்போதும் உண்டு. சேலம், நாமக்கல் பக்கம் சேகோ ஆலைக்குக் கிழங்கு போடுகிறவர்கள் இதைக் கேட்டதும் முகம் மலர்வார்கள். ஆனால் அது குறுகிய ஒரு பருவத்தில், நல்ல பராமரிப்பில் நடந்த சோதனை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நெல்லிலும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் பெரிது. ஜப்பானில் இரண்டு இடங்களில் பல ரகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நட்டுப் பார்த்தபோது, ஒரு ரகத்தில் விளைச்சல் 3 சதவீதம் கூடியது, இன்னொன்றில் 36 சதவீதம். கதிரில் அதிக மணி வைக்கும் தாகனாரி போன்ற ரகங்கள் முன்னே நின்றன. சீனாவில் சில கலப்பின ரகங்களும் 30 சதவீதத்தைத் தொட்டன.

அப்புறம் தழைச்சத்து. கூடுதல் சர்க்கரையை மணியாக்கப் புரதமும் வேண்டும், அதற்கு நைட்ரஜன் வேண்டும். தழைச்சத்து குறைந்த பாத்தியில் வாயுவின் லாபம் சுருங்கிப்போவதை ஜப்பானியச் சோதனைகளே காட்டின. உளுந்து, பச்சைப்பயறு போன்றவை வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவுக்குக் கூடுதல் சர்க்கரையைக் கொடுத்து நைட்ரஜனை வாங்கிக்கொள்ளும், அதனால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அங்கே மணிச்சத்து தட்டினால் கதை முடிந்தது.

தண்ணீர் மிச்சமாகும் என்கிறார்களே?

கொஞ்சம் ஆகும். வெளியே வாயு தாராளமாக இருந்தால் இலைத்துளையை அகலத் திறக்கத் தேவையில்லை. 550 பிபிஎம் அளவில் துளைகள் வழியாகப் போகும் நீராவிக்கான வழி ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆனால் வயல் முழுக்கக் கணக்கிட்டால் மிச்சம் அவ்வளவு இல்லை. இலைப்பரப்பு கூடியிருக்கும், நெல் வயலில் நிற்கும் தண்ணீர் தானாகவே ஆவியாகும்.

வறட்சியில் இந்த மிச்சம் பயிரைக் காப்பாற்றும் என்று நெடுநாள் நம்பினார்கள். இல்லினாயில் சோயாவை எட்டு ஆண்டுகள் பார்த்தவர்கள் 2016-இல் வேறு விடை சொன்னார்கள். ஆண்டு வறண்டும் சூடாகவும் இருந்தபோது வாயுவின் லாபம் இல்லாமலே போயிற்று.

இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. நாம் வியர்ப்பதுபோல இலையும் நீராவியை விட்டுத்தான் குளிர்ந்துகொள்கிறது. துளை குறுகினால் இலையும் கதிரும் அரை டிகிரி போலச் சூடாகும். அரை டிகிரிதானே என்று தோன்றும். அடுத்த பதிலைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெயில் கூடினால் நெல்லுக்கு எந்த நேரத்தில் அடி விழும்?

பூக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்.

கதிர் வெளிவந்த வயலில் ஒரு நாள் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு இறங்கி, ஒரு கதிரைக் கையில் பிடித்து அசையாமல் பாருங்கள். மூடியிருந்த உமி இரண்டும் மெல்லப் பிரியும். உள்ளிருந்து ஆறு மகரந்தப் பைகள் மெல்லிய வெள்ளை நூல்களில் வெளியே தொங்கும். லேசாகக் கதிரைத் தட்டினால் மஞ்சள் பொடி பறக்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உமி மறுபடி மூடிக்கொள்ளும், மகரந்தப் பைகள் மட்டும் வெளியே காய்ந்து தொங்கும். அந்தப் பூவுக்கு அவ்வளவுதான் அவகாசம். ஒரு கதிர் முழுக்கப் பூத்து முடிய ஒரு வாரம் போல ஆகும், ஆனால் ஒவ்வொரு பூவுக்கும் ஒரே ஒரு காலைதான்.

அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, பொடி சூல்முடியில் போதுமான அளவு விழாது. உமி மூடிவிடும், உள்ளே மணி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் கதிர் ஒழுங்காகவே தெரியும். அறுவடைக்குப் பிறகு தூற்றும்போதுதான் தெரியும். என் சித்தப்பா பின்தங்கி நட்ட நவரையில் ஒருமுறை இப்படி ஆனது. தூற்றிய இடத்தில் பதர் குவிந்து கிடந்தது. உரம் போதவில்லையோ என்று அவர் கடைசிவரை தன்னையே நொந்துகொண்டார். மார்ச் கடைசியில் பூத்த பயிர் அது, பூத்த வாரம் முழுக்க அனல். இதைச் சொல்லி அவரைத் தேற்ற அப்போது எனக்கும் விவரம் போதவில்லை.

இப்போது முந்தைய பதிலுக்கு வாருங்கள். கரியமில வாயு கூடிய காற்றில் கதிரின் சூடும் சற்றுக் கூடுகிறது. இந்தியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் வளரும் இண்டிகா வகை நெல்லை வைத்து பிலிப்பைன்ஸில் செய்த சோதனையில், பதராகும் வெப்ப வரம்பு ஏறத்தாழ 1 டிகிரி கீழே இறங்கியது. எந்த வாயு இலையை அதிகம் சமைக்க வைக்கிறதோ அதே வாயு பூமியையும் சூடாக்கி, பூவின் தாங்கும் எல்லையையும் குறைக்கிறது. "சாப்பாடுதானே" என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பகல் வெயில் சரி, இரவுச் சூடும் பாதிக்குமா?

பாதிக்கும், நாம் நினைப்பதைவிட அதிகமாக. பகலில் சேர்த்த சர்க்கரையில் ஒரு பகுதியை இரவில் செடி தன் சுவாசத்துக்கு எரிக்கிறது. இரவு சூடாக இருந்தால் எரிவதும் கூடும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004-இல் ஒரு கணக்கு வெளியானது. 1979 முதல் 2003 வரை அங்கே பகல் உச்சவெப்பம் 0.35 டிகிரி ஏறியிருந்தது, இரவின் குறைந்தபட்ச வெப்பமோ 1.13 டிகிரி. வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி ஏறினால் விளைச்சல் 10 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. வாயு கொடுக்கும் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பாருங்கள்.

அரிசியின் சத்து குறைகிறது என்பது உண்மையா?

உண்மை. எனக்கு எல்லாவற்றையும்விட அதிகக் கவலை தருவது இதுதான்.

2014-இல் மூன்று கண்டங்களின் வயல் சோதனைகளைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. 550 பிபிஎம் அளவை ஒட்டி வளர்ந்த கோதுமையில் துத்தநாகம் 9 சதவீதம், இரும்பு 5 சதவீதம், புரதம் 6 சதவீதம் குறைந்திருந்தன. அரிசியில் புரதம் கிட்டத்தட்ட 8 சதவீதமும் இரும்பு 5 சதவீதமும் துத்தநாகம் 3 சதவீதமும் குறைந்தன. 2018-இல் சீனாவிலும் ஜப்பானிலும் 18 நெல் ரகங்களை ஆராய்ந்தவர்கள் பி வகை வைட்டமின்களையும் அளந்தார்கள். பி1, பி2 இரண்டும் 17 சதவீதம் போலக் குறைவு. ஃபோலேட் எனப்படும் பி9 மட்டும் 30 சதவீதம் குறைவு. கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறார்களே, அந்தச் சத்துதான்.

ஏன் குறைகிறது? பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. மாவு கூடும்போது மற்றதெல்லாம் நீர்த்துப்போகிறது. இலை நீராவியைக் குறைவாக விடுவதால் வேரைச் சுற்றியுள்ள மண்நீர் செடியை நோக்கி நகர்வது குறைகிறது, அதோடு வரும் சத்துகளும் குறைகின்றன. ரூபிஸ்கோவைக் குறைத்துக்கொண்ட இலையில் பிறகு மணிக்கு அனுப்ப நைட்ரஜனும் குறைவாகவே இருக்கும்.

மீன், முட்டை, பால், கீரை எல்லாம் தினமும் வாங்கக் கூடிய வீட்டில் இந்த 5 சதவீதம், 8 சதவீதம் பெரிதாகத் தெரியாது. மூன்று வேளையும் ரேஷன் அரிசியை நம்பியிருக்கும் வீட்டில், தட்டில் இருக்கும் புரதத்திலும் துத்தநாகத்திலும் பெரும்பங்கு அந்தச் சோற்றிலிருந்துதான் வருகிறது. வயிறு நிறையும். பிள்ளைக்கு வேண்டியது கிடைத்திருக்காது. செறிவூட்டப்பட்ட அரிசியில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்க்கிறார்கள், அது ஓரளவு உதவும். புரதத்துக்கு அது வழியல்ல. பயறும் பருப்பும் சேர்ந்தால்தான் வழி.

இன்னொன்று, ஆலைக்குப் போகும் நெல்லின் தரம். ஜப்பானில் வெயில் கடுமையாக இருந்த 2010 கோடையில், வாயு கூட்டிய வளையத்துக்குள் விளைந்த கோஷிஹிகாரி அரிசியில் சுண்ணாம்புபோல வெளுத்த மணிகள் மிக அதிகம். அப்படிப்பட்ட அரிசி தீட்டும்போது நொறுங்கும், விலையும் போகாது.

களையும் பூச்சியும்?

அவையும் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. கோரை, அருகு, காட்டுக் குதிரைவாலி ஆகியவை சி4, அதனால் வாயுவை மட்டும் பார்த்தால் நெல்லுக்குச் சற்று முன்னிலை கிடைக்க வேண்டும். ஆனால் சூடும் வறட்சியும் சேர்ந்து வந்தால் அவையே ஜெயிக்கும். களை நெல்லும் பார்த்தீனியமும் வாயுவுக்கு நன்றாகவே தழைக்கின்றன. பூச்சியைப் பொறுத்தவரை, இலையில் சர்க்கரை கூடிப் புரதம் குறைந்தால் புழு தனக்கு வேண்டிய புரதத்துக்காக அதிக இலையைத் தின்ன வேண்டியிருக்கும். இல்லினாயின் சோயா வயலில் வாயு கூட்டிய வளையங்களில் பூச்சி தின்ற சேதம் 57 சதவீதம் அதிகமாக இருந்தது. அங்கே செடி தன் தற்காப்புப் பொருள்களைக்கூடக் குறைத்துக்கொண்டிருந்தது.

பூமி பசுமையாகி வருகிறது என்று செயற்கைக்கோள் படம் வந்ததே, அது பொய்யா?

பொய்யில்லை. இலைப்பரப்பு கூடியிருக்கிறது, அதில் கரியமில வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, இந்தியாவில் கூடிய பசுமையில் முக்கால் பங்குக்கு மேல் விவசாய நிலம். ஒரு போகம் போட்ட இடத்தில் இரண்டு போகம், மூன்று போகம். அதற்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறும் உர மூட்டையும் இருக்கின்றன. மேலிருந்து பார்க்கும் படத்தில் இலை தெரியும். மணிக்குள் துத்தநாகம் எவ்வளவு என்றும், நிலத்தடி நீர் எத்தனை அடி இறங்கியது என்றும் தெரியாது.

பசுமைக்குடிலில் வாயுவைச் செலுத்துகிறார்களே, நானும் செய்யலாமா?

நெதர்லாந்தில் தக்காளி, வெள்ளரிக் குடில்களில் 800, 1000 பிபிஎம் வரை ஏற்றுகிறார்கள். அங்கே குடில் மூடியிருக்கும், வெப்பமும் உரமும் தண்ணீரும் கணினிக் கட்டுப்பாட்டில் இருக்கும். நம் ஊரில் சூடு தாங்காமல் பக்கத் திரைகளைத் திறந்துதான் வைக்கிறோம். செலுத்திய வாயு காற்றோடு போய்விடும். பணத்தை வேறு எதிலாவது போடுங்கள்.

நெல் நட்டாலே காற்றிலிருந்து வாயு குறையுமே?

நெல் இழுத்த கார்பன் சில மாதங்களில் திரும்பிவிடும். சோற்றை நாம் சாப்பிட்டு மூச்சில் விடுகிறோம், வைக்கோலை மாடு தின்கிறது அல்லது அது மட்குகிறது. நீர் தேங்கிய வயலில் அதில் ஒரு பகுதி மீத்தேனாகவும் வெளியேறுகிறது. அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு சூடேற்றும் வாயு. காற்றில் கரியமில வாயு கூடும்போது வேர் வழியாக மண்ணுக்கு அதிகச் சர்க்கரை இறங்கி, மீத்தேனும் கூடுவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் கணிசமாகக் குறையும். தண்ணீரும் மிச்சம்.

நெல்லையே மாற்றி அமைக்க முடியாதா?

முயல்கிறார்கள். நெல்லைக் கம்புபோலச் சி4 பயிராக்கும் திட்டம் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2008 வாக்கில் தொடங்கியது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் அதன் தலைமையை ஏற்றது. இலையின் உள் அமைப்பையே மாற்ற வேண்டியிருப்பதால் வேலை மெதுவாகத்தான் நகர்கிறது. இன்னொரு வழியை இல்லினாயில் புகையிலைச் செடியில் காட்டினார்கள். ஒளிச்சுவாசத்துக்குக் குறுக்குவழி ஒன்று போட்டுக் கொடுத்ததில் செடியின் எடை 40 சதவீதம் வரை கூடியது. 2019-இல் வந்த முடிவு அது. இரண்டுமே இன்னும் நம் நாற்றங்காலுக்கு வரவில்லை.

அப்படியானால் இப்போதைக்கு நான் என்ன செய்யட்டும்?

முதலில் பூக்கும் வாரத்தைக் கணக்குப் போடுங்கள். ரகத்தின் வயதிலிருந்து 30 நாளைக் கழித்தால் ஏறத்தாழ எப்போது பூக்கும் என்று தெரிந்துவிடும். 110 நாள் ரகம் என்றால் விதைத்த 80-ஆம் நாளை ஒட்டி. நவரையிலும் கோடை நெல்லிலும் அந்த வாரம் உச்சவெயிலில் விழாதபடி விதைப்பை முன்னே தள்ளுங்கள். விழுந்துவிட்டால் அந்த நாட்களில் மட்டுமாவது வயல் காயாமல் தண்ணீர் நிற்கட்டும், நீராவி போனால்தான் கதிர் குளிரும்.

தழைச்சத்தை மொத்தமாகக் கொட்டாமல், இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் பிரித்துப் போடுங்கள். துத்தநாகம் குறைந்த நிலமென்று மண் பரிசோதனை சொன்னால் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் நடவின்போதே போடுங்கள். மணியிலேயே துத்தநாகம் கூடுதலாக உள்ள டிஆர்ஆர் தன் 45 (DRR Dhan 45) போன்ற ரகங்கள் 2016 முதல் இருக்கின்றன. உங்கள் மண்ணுக்கு ஒத்துவருமா என்று ஒரு மூலையில் கால் ஏக்கர் போட்டுப் பாருங்கள். தாளடிக்குப் பின் உளுந்து, பயறு தெளிக்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள், அதில் ஒரு படி வீட்டுக்கும் நிற்கட்டும். மேட்டு நிலம் இருந்தால் கேழ்வரகோ கம்போ போடலாம். சூட்டை அவை நெல்லைவிட நன்றாகத் தாங்கும்.

விதைக்கடையிலும் வேளாண் அலுவலகத்திலும் இன்னொன்றைக் கேட்கத் தொடங்குங்கள்: "இந்த ரகம் காலையில் எத்தனை மணிக்குப் பூக்கும்?" இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் விடிந்த சில மணி நேரத்திலேயே, வெயில் ஏறும் முன், பூத்து முடித்துவிடும். அந்தக் குணத்தைப் பயிர் நெல்லுக்குக் கொண்டுவந்து, பூக்கும் நேரத்தை ஒன்றிரண்டு மணி நேரம் முன்னுக்குத் தள்ளிய வரிசைகளை நெல் ஆராய்ச்சியாளர்கள் ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டின் பழைய ரகமான நகினா 22-க்கும் பூக்கும் நேர வெப்பத்தைத் தாங்கும் குணம் உண்டு, உலகெங்கும் அதைப் பெற்றோராக வைத்துக் கலப்பு செய்கிறார்கள். கடைக்காரருக்குப் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. கதிர் வந்ததும் ஒரு காலை எட்டு மணிக்கே வயலில் இறங்கி, முதல் உமி எப்போது பிரிகிறது என்று நீங்களே பார்த்துக் குறித்து வையுங்கள். அடுத்த பருவத்துக்கு எந்த விதை எடுப்பது என்று முடிவு செய்யும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்கும்.